மருந்துக்கு முன் உணவு
ஹகீம் இப்னுன் நஃபீஸ் (ரஹ்) அவர்களின் வாழ்வும் வழியும்

அல்லாஹ் மனிதனுக்கு அருளியிருக்கும் நிஃமத்துகளை எண்ணி முடிக்க இயலாது. அவற்றுள் உடல் நலமும் ஓய்வு நேரமும் மக்களில் பெரும்பாலோர் ஏமாந்து இழந்து விடுகின்ற இரு நிஃமத்துகள் என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு உணர்த்திச் சென்றிருக்கிறார்கள். கையில் இருக்கும் வரை நலத்தின் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை. போன பிறகு ஊரெல்லாம் தேடி அலைகிறோம்.

இன்று நம் வீடுகள் பலவற்றில் கிதாபுகள் வைக்கும் தட்டை விட மாத்திரைகள் வைக்கும் தட்டு நிறைந்திருக்கிறது. தலை கனத்தால் ஒரு மாத்திரை, உண்டது செரிக்கவில்லை என்றால் ஒரு மாத்திரை, பசிக்கவில்லை என்றால் ஒரு டானிக். இது ஒரு கோடி. மற்றொரு கோடியில், மருந்தே கூடாது, எல்லாவற்றையும் உணவே தீர்த்து விடும் என்று சொல்லி, நோயாளி நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய மருந்தையும் நிறுத்தி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே நேரான ஒரு வழி உண்டு. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வழியில் நடந்து காட்டிய ஒரு பெருமகனாரின் வாழ்வை இங்கே காண்போம். அன்னார் தம் காலத்தின் தலைசிறந்த மருத்துவர். அத்துடன் ஷாபிஈ மத்ஹபின் பிக்ஹைப் பாடம் நடத்திய ஆலிம்.

திமிஷ்கில் பிறப்பும் கல்வியும்

அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ என்பது அன்னாரின் பெயர். இப்னுன் நஃபீஸ் என்றே உலகம் அறிந்திருக்கிறது. ஷாம் நாட்டின் திமிஷ்க், அதாவது டமாஸ்கஸ் பகுதியில் ஹிஜ்ரி 607-ஐ ஒட்டி, கி.பி. 1210 வாக்கில் பிறந்தார்கள்.

அந்நகரில் நூருத்தீன் ஸங்கீ அவர்கள் கி.பி. 1154-ல் நிறுவிய மருத்துவமனை ஒன்று இருந்தது. நூரீ மருத்துவமனை என்று அதற்குப் பெயர். பீமாரிஸ்தான் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட இத்தகைய இடங்களில் நோயாளிகளுக்குச் சிகிச்சையும் மாணவர்களுக்குப் பாடமும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. மாணவர்கள் உஸ்தாதின் பின்னால் கட்டில் கட்டிலாகச் சென்று, நோயாளியின் நாடியையும் நிறத்தையும் பார்த்துக் கற்றார்கள். வக்புச் சொத்துகளின் வருமானம் அந்தச் செலவைத் தாங்கியது.

அக்காலத்தில் ஷாம் நாட்டின் பெரும் மருத்துவராக விளங்கியவர் முஹத்தபுத்தீன் அத்தக்வார் அவர்கள். கி.பி. 1230-ல் மறைந்த அந்த உஸ்தாது, தம் வீட்டையே மருத்துவக் கல்விக்கான மத்ரஸாவாக வக்பு செய்து விட்டுச் சென்றவர். அன்னாரின் வழியிலேயே இப்னுன் நஃபீஸ் அவர்கள் மருத்துவம் கற்றார்கள். மருத்துவத்தோடு அரபு இலக்கணம், மன்திக், ஹதீஸ் கலை, பிக்ஹு ஆகியவற்றையும் ஓதினார்கள்.

மார்க்கக் கல்வி வேறு, மருத்துவக் கல்வி வேறு என்று சுவர் எழுப்பப்படாத காலம் அது. ஹலால், ஹராம் பற்றிய அறிவுக்கு அடுத்தபடியாக மருத்துவ அறிவையே இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் உயர்வாகக் கருதினார்கள் என்று நம் முன்னோர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த மத்ஹபைச் சேர்ந்த இப்னுன் நஃபீஸ் அவர்கள் இவ்விரண்டு அறிவையும் தம் இரு கண்களாகப் பேணினார்கள்.

கெய்ரோவில் இரு பணிகள்

கல்வி முடித்த பின் அன்னார் எகிப்து சென்று கெய்ரோவில் குடியேறினார்கள். அங்கே மருத்துவமனையில் பணியாற்றி, காலப்போக்கில் எகிப்தின் மருத்துவர்களுக்கெல்லாம் தலைவர் என்ற பதவியை அடைந்தார்கள். கி.பி. 1260 முதல் 1277 வரை ஆண்ட சுல்தான் பைபர்ஸின் மருத்துவராகவும் அன்னார் இருந்ததாகக் கூறப்படுகிறது.

அதே கெய்ரோவில் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாபிஈ பிக்ஹைப் பாடம் நடத்தினார்கள். இமாம் அபூ இஸ்ஹாக் ஷீராஸீ (ரஹ்) அவர்களின் தன்பீஹ் என்ற பிக்ஹு நூலுக்கு விரிவுரை எழுதத் தொடங்கினார்கள். ஹதீஸ் கலையின் உஸூலைப் பற்றியும் ஒரு சுருக்க நூல் எழுதினார்கள். இமாம் தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) அவர்கள் ஷாபிஈ ஆலிம்களின் வரலாற்றைத் தொகுத்த தம் பெருநூலில் இந்த மருத்துவருக்கும் ஓர் இடம் அளித்திருக்கிறார்கள் என்பதிலிருந்தே, ஆலிம்களிடையே அன்னாருக்கு இருந்த மதிப்பை நாம் உணரலாம்.

அது அமைதியான காலமன்று. கி.பி. 1258-ல் தாத்தாரியர்கள் பக்தாதைச் சூறையாடினார்கள். கிலாபத் வீழ்ந்தது, நூலகங்கள் அழிந்தன. அடுத்த சில ஆண்டுகளிலேயே ஷாம் நாட்டிலும் போர் மூண்டது. உலகமே இடிந்து விழுவது போலத் தோன்றிய அக்காலத்தில் அன்னார் கெய்ரோவில் அமர்ந்து எழுதிக் கொண்டும், பாடம் நடத்திக் கொண்டும், நோயாளிகளைப் பார்த்துக் கொண்டும் இருந்தார்கள்.

இரத்தம் செல்லும் வழி

அன்னாரின் பெயர் இன்று உலக மருத்துவ வரலாற்றில் நிலைத்திருப்பதற்குக் காரணமான நூல் கி.பி. 1242-ல் எழுதப்பட்டது. அப்போது அன்னாருக்கு வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது. இப்னு ஸீனாவின் கானூன் என்ற மருத்துவப் பெருநூலில் உடலமைப்பைப் பற்றிய பகுதிகளுக்கு எழுதிய விரிவுரை அது.

இதயத்தின் வலப்பக்க அறைக்கும் இடப்பக்க அறைக்கும் நடுவே உள்ள சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, அவற்றின் வழியாகவே இரத்தம் இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் எழுதி வைத்திருந்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் அதை ஏற்றிருந்தது. அன்னாரோ அந்தச் சுவர் கெட்டியானது, அதில் துவாரமே கிடையாது என்று துணிந்து எழுதினார்கள். வலப்பக்கத்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து தெளிந்து, பிறகுதான் இதயத்தின் இடப்பக்கம் வந்து சேர்கிறது என்று விளக்கினார்கள். இதயத்தின் தசைக்குப் போஷாக்கு அளிப்பது அத்தசைக்குள்ளேயே ஓடும் நாளங்கள்தாம் என்றும் எடுத்துரைத்தார்கள்.

ஐரோப்பாவில் இதே கருத்தை மைக்கேல் செர்வெட்டஸ் 1553-லும், ரியால்டோ கொலம்போ 1559-லும் வெளியிட்டார்கள். உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதை வில்லியம் ஹார்வி 1628-ல் நிறுவினார். அவர்களுக்கெல்லாம் மூன்று நூற்றாண்டுகளுக்கும் முன்பே அன்னார் எழுதி வைத்ததை உலகம் மறந்து போயிருந்தது. 1924-ல் முஹ்யித்தீன் தத்தாவீ என்ற எகிப்திய மருத்துவர் ஜெர்மனியில் படித்துக் கொண்டிருந்தபோது, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதி ஒன்றில் இதைக் கண்டு வெளியிட்டார். அதன் பிறகே உலகம் அன்னாரைத் திரும்பிப் பார்த்தது.

அன்னாரின் அறிவு எவ்வளவு ஆழமானது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொன்னோம். இவ்வளவு கற்ற ஒரு மருத்துவர் தம்மிடம் வந்த நோயாளிக்கு என்ன எழுதிக் கொடுத்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

மருந்துக் கடைக்காரரின் குறை

கெய்ரோவில் மருந்துச் சரக்குகளும் ஷர்பத்துகளும் விற்கும் அத்தார் ஒருவரின் கடையில் அன்னார் அமர்வது வழக்கம். நோயாளிகள் அங்கே வந்து தம் குறையைச் சொல்வார்கள். பெரிய மருத்துவர் தம் கடையில் அமர்ந்தால் சரக்கு நன்றாக விற்கும் என்று எந்த வியாபாரிதான் எண்ண மாட்டார்!

ஆனால் நடந்தது வேறு. புண் என்று சொல்லி வந்தவருக்குக் கோதுமையில் சமைக்கும் ஓர் உணவைச் சொல்லி அனுப்புவார்கள். வாயு என்று வந்தவருக்கு மாவினால் செய்யும் ஓர் எளிய பதார்த்தத்தைச் சொல்வார்கள். வயிற்றுப் போக்கு என்று வந்தவருக்கு கர்ரூப் என்ற அந்நாட்டு மரத்தின் காயையும் வறுத்த கொண்டைக்கடலையையும் சொல்வார்கள். வந்தவர்கள் எதுவும் வாங்காமலே சலாம் சொல்லி விட்டுப் போய் விடுவார்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கடைக்காரர் ஒரு நாள் வாய் திறந்து விட்டார். இப்படிப்பட்ட சீட்டுகளைத்தான் எழுதப் போகிறீர்கள் என்றால் கறிக்கடையில் போய் உட்காருங்கள், என் கடையில் உட்கார்ந்தால் சர்க்கரையும் ஷர்பத்தும் மருந்தும் மட்டுமே எழுதுங்கள் என்று குறைப்பட்டுக் கொண்டார். கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு அவருடைய பிழைப்பு!

அன்னாரின் சிகிச்சை முறையை வரலாற்றாசிரியர் இப்னு பள்லில்லாஹ் அல்உமரீ அவர்கள் மூன்று விஷயங்களாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள். முதலாவது, யாரையும் அவர் பழகிய வழக்கத்திலிருந்து பிடுங்கி எடுத்து வேறொன்றில் தள்ள மாட்டார்கள். இரண்டாவது, உணவால் ஆகக்கூடிய இடத்தில் மருந்து எழுத மாட்டார்கள். மூன்றாவது, ஒரே சரக்கால் ஆகக்கூடிய இடத்தில் பல சரக்குகள் சேர்ந்த கூட்டு மருந்து எழுத மாட்டார்கள்.

வியப்பு என்னவென்றால், அல்உமரீ அவர்கள் இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. கல்வியில் கடலாக இருந்தும் சிகிச்சையில் அன்னாருக்குப் போதிய தேர்ச்சி இல்லை என்பதற்குச் சான்றாகவே இதை எழுதினார்கள். இமாம் ஸுப்கீ (ரஹ்) அவர்களின் நூலிலோ, சிகிச்சையில் இப்னு ஸீனாவையே மிஞ்சியவர் என்று அன்னாரைப் பற்றிச் சொல்லப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. ஒரே மனிதர், இரண்டு தீர்ப்புகள்! சீட்டு நீளமாக இருந்தால் மருத்துவர் கெட்டிக்காரர் என்று நினைப்பது அன்றும் இருந்திருக்கிறது. ஊசி போடாமல் அனுப்பிய மருத்துவரைக் குறை கூறி விட்டு அடுத்த தெருவிலுள்ள மருத்துவரிடம் போகிற நம்மவர்களும் அந்தக் கடைக்காரரின் கட்சியைச் சேர்ந்தவர்கள்தாம்.

அன்னாருக்கு மருந்து தெரியாமல் இல்லை. மருந்துகளைப் பற்றியும் நோய்களைப் பற்றியும் முந்நூறு பாகங்களில் ஷாமில் என்ற ஒரு நூலை எழுதத் திட்டமிட்டு, அதில் எண்பது பாகங்களை முடித்தவர்கள். அத்துடன், தேர்ந்தெடுத்த உணவுகளைப் பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதியிருக்கிறார்கள். மருந்தின் பலத்தை அறிந்தவர்தான் அது தேவையில்லாத இடத்தையும் அறிவார்.

ஆறு அடிப்படைகள்

கானூன் நூலின் சாரத்தைத் திரட்டி அன்னார் எழுதிய மூஜஸ் என்ற சிறு நூல் பல நாடுகளுக்கும் பரவியது. அதற்குப் பல விரிவுரைகள் தோன்றின. நம் நாட்டு யூனானி மருத்துவக் கல்வியிலும் மூஜஸும் அதன் விரிவுரைகளும் நெடுங்காலம் பாடநூல்களாக இருந்திருக்கின்றன.

மனிதன் உயிரோடு இருக்கும் வரை தவிர்க்க முடியாதவை ஆறு என்று அம்மருத்துவ முறை கூறுகிறது. அவற்றைச் சீராக வைத்துக் கொண்டால் நலம் நிலைக்கும், சீர்கெட்டால் நோய் வரும். அவற்றை நம் இல்லத்தோடு பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, காற்று. சன்னலை அடைத்து வைத்த அறையில் விறகுப் புகையோடும் சிகரெட் புகையோடும் பிள்ளைகளை வளர்த்து விட்டு, இருமலுக்கு மருந்து தேடுவதில் பயனில்லை.

இரண்டாவது, உணவும் பானமும். பசித்த பின் உண்ண வேண்டும். இன்னும் சற்று உண்ணலாம் என்ற ஆசை இருக்கும்போதே கையை எடுத்து விட வேண்டும். முன்பு உண்டது செரிக்கும் முன் மேலே மேலே உண்ணலாகாது. ஒரே வேளையில் பல வகைகளைக் குவித்துக் கொள்ளலாகாது. வயிற்றில் மூன்றில் ஒரு பகுதி உணவுக்கு, ஒரு பகுதி நீருக்கு, ஒரு பகுதி மூச்சுக்கு என்ற நபிவழியும், உண்ணலாம், பருகலாம், வரம்பு மீறலாகாது என்ற திருமறையின் கட்டளையும் இந்த மருத்துவர்களின் அறிவுரைக்கு அடித்தளமாக நிற்கின்றன.

மூன்றாவது, உடலின் அசைவும் ஓய்வும். பள்ளிவாசலுக்கு நடந்து செல்வதில் ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை உண்டு. பக்கத்துத் தெருப் பள்ளிக்கும் வண்டியில் செல்கிறவர் அந்த நன்மையையும் இழக்கிறார், நடையின் பலனையும் இழக்கிறார்.

நான்காவது, உறக்கமும் விழிப்பும். இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் இரவைக் கழிக்காமல் உறங்கி, பஜ்ருக்கு எழுவதும், நண்பகலில் சிறிது கண்ணயர்வதும் நம் மார்க்கம் கற்றுத் தந்த பழக்கங்கள். நள்ளிரவு வரை கைப்பேசியைப் பார்த்திருந்து விட்டு, காலையில் உடம்பு வலிக்கிறது என்று சொன்னால் அதற்கு எந்த ஹகீம் மருந்து தருவார்?

ஐந்தாவது, உள்ளத்தின் கொதிப்பும் அமைதியும். கோபமும் கவலையும் உடலைத் தாக்கும் என்பதை அம்மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவும், ஒளுச் செய்து கொள்ளவும் நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது.

ஆறாவது, உடலில் தங்க வேண்டியது தங்குவதும் வெளியேற வேண்டியது வெளியேறுவதும். மலஜலத்தை அடக்கிக் கொண்டு தொழுவது மக்ரூஹ் என்று பிக்ஹு நூல்கள் கூறுவது தொழுகையின் ஓர்மைக்காக. அதில் உடலுக்கும் நன்மை இருக்கிறது. வெட்கத்தாலும் வசதியின்மையாலும் நீண்ட நேரம் அடக்கிக் கொள்ளும் நம் பெண்மக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த ஆறில் எதற்காவது பெரும் செலவு ஆகிறதா? பெரும்பாலும் அவை காசு கேட்பதில்லை, நம்மிடம் கட்டுப்பாட்டைத்தான் கேட்கின்றன. நமக்கு அதுதான் கடினமாக இருக்கிறது.

எழுத்தும் இல்லமும்

அன்னார் உயரமானவர்கள், மெலிந்த உடலினர். மணம் செய்து கொள்ளவில்லை. கெய்ரோவில் பளிங்குக் கல் பாவிய அழகிய இல்லம் ஒன்றைக் கட்டிக் கொண்டார்கள். அமீர்களும் ஆலிம்களும் மருத்துவர்களும் அங்கே வந்து போவார்கள்.

எழுத அமர்ந்தால் அன்னாரின் முன் கூர் சீவிய எழுதுகோல்கள் தயாராக வைக்கப்பட்டிருக்கும். சுவரை நோக்கித் திரும்பி அமர்ந்து, எந்த நூலையும் புரட்டாமல், வெள்ளம் பாய்வது போல் நினைவிலிருந்தே எழுதுவார்கள். ஓர் எழுதுகோல் மழுங்கினால் அதைச் சீவ நேரத்தைச் செலவிடாமல் வீசி விட்டு அடுத்ததை எடுத்துக் கொள்வார்கள். ஒரு நாள் பொதுக் குளியலறையில் குளித்துக் கொண்டிருந்தவர்கள் பாதியிலேயே உடை மாற்றும் இடத்திற்கு வந்து, மையும் எழுதுகோலும் தாளும் வரவழைத்து, நாடியைப் பற்றி ஒரு கட்டுரையை எழுதி முடித்து விட்டு, மறுபடியும் உள்ளே சென்று குளியலை முடித்தார்களாம். ஓய்வு நேரம் ஒரு நிஃமத் என்று தொடக்கத்தில் சொன்னோமல்லவா? அதில் ஏமாறாதவர் எப்படி இருப்பார் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ரிஸாலத்துல் காமிலிய்யா என்று ஒரு நூலும் எழுதினார்கள். ஆளில்லாத் தீவில் தனித்து வளர்ந்த காமில் என்ற ஒருவன், தன் சிந்தனையாலேயே படைத்தவன் உண்டு என்பதையும் நபிமார்களின் அவசியத்தையும் உணர்ந்து கொள்வதாக அமைந்த கதை அது. கப்பலில் வந்த மனிதர்கள் தந்த ரொட்டியையும் சமைத்த உணவையும் சுவைத்த பிறகுதான், மனிதன் தனியாக நல்வாழ்வு வாழ முடியாது, உழுபவனும் சமைப்பவனும் நெய்பவனும் சேர்ந்த சமுதாயம் வேண்டும், அதற்கு ஒரு ஷரீஅத் வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு எழுகிறது. ஒரு கவளம் ரொட்டியிலிருந்து ஷரீஅத்தின் தேவை வரை சிந்தனையைக் கொண்டு செல்லும் உள்ளம் அன்னாருடையது.

இறுதி ஆறு நாட்கள்

ஹிஜ்ரி 687, துல்கஃதா மாதம். ஹிஜ்ரிக் கணக்கில் எண்பது வயதை எட்டியிருந்த அன்னார் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோய்வாய்ப்பட்டார்கள். உடனிருந்த மருத்துவர்கள் அன்னாரின் தொழில் அறிந்தவர்கள், அன்னார் மீது அன்பும் கொண்டவர்கள். இந்த நோய்க்குச் சிறிது மது அருந்தினால் குணம் தெரியும் என்று அவர்கள் ஆலோசனை கூறினார்கள்.

அக்கால மருத்துவ நூல்களில் மதுவுக்கு மருந்து என்ற இடம் இருந்ததை அன்னாரும் அறிவார்கள். என்றாலும், தம் வயிற்றில் மதுவின் ஒரு துளியைச் சுமந்தபடி அல்லாஹ்வைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்று சொல்லி மறுத்து விட்டார்கள். ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை, துல்கஃதா பிறை 21, வைகறை நேரத்தில் வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அது கி.பி. 1288, டிசம்பர் 17. தம் இல்லத்தையும் நூல்களையும், சுல்தான் கலாவூன் 1284-ல் கட்டிய மன்ஸூரீ மருத்துவமனைக்கு வக்பாக விட்டுச் சென்றார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சிலர் தவறாகப் புரிந்து கொள்கிறார்கள். அன்னார் மருத்துவத்தை மறுக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் மருத்துவம் செய்தவர்கள் அதை எப்படி மறுப்பார்கள்? ஹராமான ஒன்றையே மறுத்தார்கள். மது மருந்தன்று, அது நோய் என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழி அன்னாருக்குத் தெரிந்ததே. இக்காலத்து மருந்துகள் சிலவற்றில் கரைப்பதற்காகவும் கெடாமல் இருப்பதற்காகவும் சேர்க்கப்படும் பொருள்களின் சட்டம் வேறு. வேறு மருந்து கிடைக்காத நிலையைப் பற்றி புகஹாக்கள் நுணுக்கமாக ஆய்ந்திருக்கிறார்கள். தேவைப்படுவோர் நம்பகமான மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு நடக்க வேண்டும். தாமாக ஒரு முடிவுக்கு வந்து பிள்ளைக்குரிய மருந்தை நிறுத்தி விடலாகாது.

மருந்துக் கடையில் அமர்ந்து உணவைச் சொல்லி அனுப்பியவரும், மரணப் படுக்கையில் மதுவை மறுத்தவரும் ஒருவரே என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒரே குணத்திலிருந்து பிறந்தவை. இந்த உடல் நம்முடையது அன்று, அல்லாஹ்வின் அமானத். அதற்குள் தேவையற்றது எதுவும் போகலாகாது என்ற எண்ணமே அன்னாரை வாழ்நாள் முழுவதும் நடத்தியது.

நமக்குள்ள பாடம்

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆலிம்களாகிய நாம் நிகாஹ் வீட்டிலும் வலீமாவிலும் மவ்லிது மஜ்லிஸிலும் அன்புடன் உபசரிக்கப்படுகிறவர்கள். மறுத்தால் வீட்டுக்காரர் மனம் நோகும் என்று நாமே சொல்லிக் கொண்டு உண்கிறோம். உண்மையில் நோகக் கூடாது என்று நாம் பார்த்துக் கொண்டது நம் நாவைத்தான். முப்பத்தைந்து வயதில் மருத்துவர் நம் இரத்தத்தைப் பரிசோதித்து, சர்க்கரை வந்து விட்டது என்று சொன்னபோது, வயிற்றின் மூன்று பங்குகளைப் பற்றி மிம்பரில் எத்தனை முறை பேசியிருக்கிறோம் என்று எண்ணி நாணினோம். இப்போது மருத்துவர் தந்த மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறோம். இரவு உணவைக் குறைத்திருக்கிறோம். பஜ்ருக்குப் பின் நடக்கிறோம். அழைக்கும் வீடுகளில் முதலிலேயே சொல்லி விடுகிறோம். யாருடைய மனமும் நோகவில்லை. நமக்கென்று ஒரு தட்டில் காய்கறி எடுத்து வைக்கிறார்கள். அல்ஹம்து லில்லாஹ்.

அன்னார் சொன்ன உணவு முறைகள் எல்லாவற்றையும் அப்படியே இன்று கையாள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நான்கு தாதுக்களை அடிப்படையாகக் கொண்ட அக்கால மருத்துவக் கொள்கையை இன்றைய அறிவு கடந்து வந்து விட்டது. வயிற்றுப் புண் பலவற்றுக்கு ஒரு வகைக் கிருமியே காரணம் என்பது 1982-ல் கண்டறியப்பட்டது. அதற்கு உரிய மருந்தை உட்கொண்டால்தான் கிருமி ஒழியும், கஞ்சி மட்டும் போதாது. குழந்தைக்கு வயிற்றுப் போக்கு என்றால் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர்க் கரைசலை உடனே தொடங்கி மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்சுலின் போட்டுக் கொள்பவர், இரத்தக் கொதிப்புக்கும் காசநோய்க்கும் மருந்து உண்பவர் ஆகியோர் எவர் சொன்னாலும் தாமாக நிறுத்தலாகாது. ஆயிரம் ஆண்டுகளாக நம்பப்பட்ட ஜாலீனூஸின் கருத்தையே தவறு என்று எழுதியவர் இப்னுன் நஃபீஸ் அவர்கள். தம் கருத்தை விடச் சரியான ஒன்று வந்தால் அதை ஏற்க அன்னாரே முதலில் முன்வந்திருப்பார்கள்.

நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது அன்னாரின் வரிசை முறையை. முதலில் உணவையும் உறக்கத்தையும் நடையையும் சீர்செய்ய வேண்டும். அதுவும் நாம் பழகிய உணவிலேயே தொடங்க வேண்டும். எங்கோ விளையும் விலை உயர்ந்த பழத்தையும் பொடியையும் தேடி ஓட வேண்டியதில்லை. நம் வீட்டுக் கேழ்வரகும் பயறும் கீரையும் முருங்கையும் மோரும் போதும். அரிசியும் பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்த்துக் காய்ச்சும் நம் நோன்புக் கஞ்சி பசித்த வயிற்றுக்கு இதமானது. அதற்குப் பக்கத்தில் எண்ணெயில் பொரித்தவற்றைக் குவிப்பதுதான் கேடு. தேவை வந்தால் மருத்துவரிடம் சென்று, வேண்டிய மருந்தை வேண்டிய அளவு உட்கொள்ள வேண்டும். எந்தத் தேவைக்கும் ஹராமின் பக்கம் சாயாமல் இருக்க வேண்டும்.

தாய்மார்களே! இந்த வரிசையில் முதல் இடம் உங்கள் அடுப்படிக்குத்தான். எண்ணெயையும் சர்க்கரையையும் ஒரு கரண்டி குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஆண்களே! அப்படிக் குறைத்துச் சமைத்ததைக் குறை சொல்லாமல் உண்பது நம் கையில் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை என்பதை நினைவில் கொள்வோம்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நலமுள்ள உடலையும், ஹலாலான தூய உணவையும், அதில் அளவோடு நிற்கும் மனத்தையும் தந்தருள்வானாக! நோயுற்றோருக்கு முழுமையான ஷிபாவை அளிப்பானாக! தம் அறிவையும் இல்லத்தையும் நோயாளிகளுக்கென்றே விட்டுச் சென்ற ஹகீம் இப்னுன் நஃபீஸ் (ரஹ்) அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.